குட்டியனுக்கு வைத்த பொட்டு

இன்று காலை வகுப்பில் ஒரு மோட்டர் கருகியது. சன்னலோர மேசையில் இருந்த இரண்டு வாண்டுகள் பெரிய பற்றரியைக் கொண்டுபோய்ச் சின்ன மோட்டரில் நேரே கொடுத்துவிட்டார்கள். விர்ரென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு அந்த மணம். வார்னிஷும் றப்பரும் சேர்ந்து தீய்ந்தது போல மூக்கில் ஏறுமே, அதே மணம். மறுபக்கம் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். பிள்ளைகள் பயந்துபோய் என்னைப் பார்த்தார்கள். நான் யாரைப் பார்க்கிறது? பழக்கதோஷத்தில் திரும்பி உன்னைத்தான் தேடினேன். நீ நின்றிருந்தால் முதல் ஆளாகக் கையைத் தட்டி, "கருகினால் என்ன, கரண்ட் போயிருக்கெல்லோ!" என்று சிரித்திருப்பாய். நீ இல்லாதபடியால் நான் தட்டினேன். பிள்ளைகளும் சேர்ந்து தட்டினார்கள்.

நீ எங்களை விட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. உனக்குச் சொல்ல அவ்வளவு புதினம் சேர்ந்து கிடக்கிறது. இனியும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க ஏலாமல்தான் எழுதுகிறேன். எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில் இப்போது நிற்க இடமில்லை. சுன்னாகத்தில் இருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். பேப்பர் வாசிக்க வருகிற பெரியவர்களின் கால்களுக்கிடையில் ரோபோக்கள் ஓடுகின்றன. முதல் வருஷம் "இது வாசிகசாலையோ, கராஜோ?" என்று கத்தினாரே ஒருவர், அவர் இப்போது தன் கதிரையைக் கொஞ்சம் நகர்த்தி வழிவிடுகிறார். போன மாதம் ஒரு ரோபோ அவருடைய செருப்பில் முட்டி நின்றபோது, "வலப்பக்கம் திருப்பு மகனே" என்று அதற்கே சொன்னார்.

தொடங்கிய விதத்தை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. நான் மனையியல் ரீச்சர். சத்துணவும் தையலும் சொல்லிக்கொடுத்துச் சம்பளம் வாங்கியவள். நீ கொம்பியூட்டர் ரீச்சர். ஒரு நாள் பின்னேரம் ஸ்கூட்டியில் ஒரு ஷொப்பிங் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கோப்பாய்க்கு வந்து எங்கள் வீட்டுக் கேற்றில் நின்றாய். பைக்குள் வயர்கள், விளையாட்டுக் கார்ச் சில்லுகள், பச்சை நிறத்தில் சின்னச் சின்னத் தகடுகள்.

"சனிக்கிழமையிலை உனக்கென்ன வேலை?" என்றாய்.

"சமையல்."

"வெள்ளன முடிச்சுப்போட்டு வா. பிள்ளையளுக்கு ரோபோ செய்யப் பழக்கப் போறம்."

"நானோ? எனக்கு ரேடியோவுக்குப் பற்றரி போடவே தெரியாதடி!"

"நல்லதாப் போச்சு. உனக்கு விளங்கினால் எல்லாப் பிள்ளைக்கும் விளங்கும்."

அந்த மரியாதைக்கு நான் உன்னைக் கேற்றோடு திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். தேத்தண்ணி போட்டுத் தந்தேன். உனக்கு நான் என்றைக்கு மாட்டேன் என்றிருக்கிறேன்? பட்டணத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள் நாங்கள். தொண்ணூறில் உங்கள் தெரு முஸ்லிம் சனம் முழுவதையும் ஊரை விட்டு வெளியேறச் சொன்னபோது அந்த வாங்கில் நான் தனியே இருந்தேன். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். நான் அந்தக் கதையைத் தொடங்கினாலே, "ஒப்பாரி வைக்காதையடி, நான்தான் வந்திட்டனே" என்று தலையில் குட்டுவாய். நீங்கள் போய் இருந்த புத்தளத்தில், நீ எங்கள் ஊர்ப் பேச்சில் "ஓம்" சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் பகிடி பண்ணினார்களாம். வேண்டுமென்றே இன்னும் இரண்டு "ஓம்" சேர்த்துச் சொன்னாயாம். திரும்பி வந்து ஆசிரியர் பயிற்சிக்கு இருந்த முதல் நாளே, மண்டபம் நிறைந்த ஆட்களுக்கு முன்னால் என்னைப் பழைய பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டாய். முப்பது ரீச்சர்மார் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தது.

வகுப்பில் நீ வைத்த முதல் சட்டம் எனக்குத்தான். "கையைப் பின்னுக்குக் கட்டு." பிள்ளைகள் வயரை மாற்றிக் கொழுவினாலும், சில்லைத் தலைகீழாகப் பூட்டினாலும் நாங்கள் தொடக் கூடாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். நான் பாட்டுக்குக் கையை நீட்டுவேன், நீ பின்னால் வந்து என் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாய். மனையியல் வகுப்பில் ஒரு பிள்ளை ஊசியைத் தவறாகக் கோத்தால் நான் பறித்துக் கோத்துக் கொடுத்துவிடுகிற ஆள். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று நீ ரசித்துப் பார்த்தாய்.

அடுத்தது உன் கேள்வி. பிள்ளைகள் வந்த முதல் நாள் நான் வழக்கம்போல, "வளர்ந்து என்னவா வரப்போறியள்?" என்று கேட்டேன். "டொக்டர்", "எஞ்சினியர்", "டொக்டர்" என்று வரிசையாக வந்தது. ஒரு பொடியன் மட்டும் "கனடா" என்றான். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு என்னைத் தள்ளி நிறுத்திவிட்டு நீ கேட்டாய்:

"சரி, அதை விடுங்கோ. வீட்டிலை எது உங்களுக்குச் சரியான எரிச்சல்? அதைச் சொல்லுங்கோ."

அப்பாடா, என்ன இரைச்சல்! அப்பா ஸ்கூட்டி எடுக்கும்போதெல்லாம் ஓடிப்போய்க் கேற் திறக்கிறது. தங்கச்சி பென்சில் எடுக்கிறது. ஆடு வந்து பூக்கன்று கடிக்கிறது. கடைசி வரிசையில் இருந்த சாருஜா எழும்பினாள். கண்ணாடி போட்ட, மெலிந்த பிள்ளை. "அம்மா தண்ணி மோட்டரைப் போட்டிட்டு மறந்து போவா. தாங்கி நிரம்பி முத்தமெல்லாம் வழியும். படிச்சுக்கொண்டிருக்கிற நான் எழும்பி ஓட வேணும்" என்றாள்.

நீ அவள் கையில் ஒரு சின்னச் சாமானை வைத்தாய். இரண்டு வட்டக் கண்கள் உள்ள, நெருப்புப் பெட்டி அளவுத் தகடு. "இது கண் இல்லை" என்றாய். "ஒண்டு வாய், மற்றது காது. வாய் சத்தம் போடும், எங்கடை காதுக்குக் கேக்காது. அது எதிலையாவது பட்டுத் திரும்பி வாறதைக் காது கேட்டு, எவ்வளவு தூரத்திலை என்ன நிக்குது எண்டு சொல்லும்." அதைத் தாங்கி மூடியின் உள்பக்கம் தலைகீழாகத் தொங்கவிட்டு, தண்ணீர் கிட்ட வந்தால் மணி அடிக்கிற மாதிரி அவள் செய்துகொண்டு வந்தாள். எல்லாம் அவளே. நான் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக் கட்டித் தோள் நொந்துபோனேன்.

பிள்ளைகளை "வேலை பார்க்க" கூட்டிப் போனோமே, அதை மறக்கவே முடியாது. நீ அதற்கு வைத்த பெயர் அது. பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போவது, ஐஸ் தொழிற்சாலை, அச்சகம், பால் குளிரூட்டுகிற இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டுவது. எங்கே போனாலும் பிள்ளைகள் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்: "இது பழுதானால் ஆர் திருத்துவினம்?" ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஒரு மெசின் தானாகவே குழாய்களை எடுத்துச் சுற்றிச் சுற்றி வைத்துக்கொண்டிருந்தது. சாருஜா மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். அங்கே வேலை செய்த அக்கா, "பழுதானால் கொழும்பிலை இருந்து ஒராள் வருவார், அதுவரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்" என்றார். "ஏன், இஞ்சை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டாள் சாருஜா. திரும்பி பஸ்ஸில் வந்தோம். கோப்பாய்ச் சந்தியில் இறங்கும்போது, "ரீச்சர், நான் அந்த ஒராளா வரப்போறன்" என்றாள். நீ என் கையைக் கிள்ளிய கிள்ளில் தழும்பு வந்தது.

அடுத்த நாளே அவளுடைய அம்மா வந்து நின்றார். கூட்டுறவுக் கடையில் வேலை, கணவர் கட்டாரில், ஒரே பிள்ளை. கணீரென்ற குரல். "ரீச்சர், நான் இவளை டொக்டராகச் சொன்னால், இவள் டொக்டரின்ரை மெசினைத் திருத்தப் போறாளாம்!" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அவர் சிரிக்கவில்லை. "டொக்டருக்கு எந்தக் காலத்திலையும் வேலை இருக்கு. உந்த விளையாட்டுச் சாமானுக்கு ஆர் சம்பளம் குடுப்பினம்? தரம் பத்து, ரீச்சர். சனிக்கிழமை விஞ்ஞான ரியூசன் நடக்குது, எல்லாப் பிள்ளையளும் அங்கை, என்ரை பிள்ளை இஞ்சை சில்லுப் பூட்டுறாள்." அவர் சொன்னதிலும் பிழையில்லை. தனியாளாக நின்று பிள்ளை வளர்க்கிறவருக்கு அந்தப் பயம் இருக்கத்தானே செய்யும்? நீ அவரோடு வாதாடவில்லை. ரோபோப் போட்டி வரைக்கும் மட்டும் விடச் சொல்லிக் கேட்டாய். கொஞ்சம் யோசித்துவிட்டு அவர் தீர்ப்புச் சொன்னார்: "சரி. போட்டியிலை ஏதாவது ஒரு இடம் எடுக்கட்டும், பிறகு பாப்பம். எடுக்கேல்லையெண்டால் அடுத்த சனிக்கிழமை ரியூசன்தான். அதுக்குப் பிறகு ரெண்டு பேரும் என்னைக் கேக்கக் கூடாது."

அவர் போன பிறகு நீ கதிரையில் இருந்துவிட்டாய். "இந்தப் பிள்ளையை விட்டமெண்டால் நாங்கள் கடையைப் பூட்டிப்போட்டுப் போகலாமடி" என்றாய். அதற்குப் பிறகு உனக்கும் எனக்கும் வேறு நினைப்பில்லை.

சாருஜாவும் இன்னும் மூன்று பிள்ளைகளும் சேர்ந்து குட்டியனைச் செய்தார்கள். உருண்டையாக, சாம்பல் நிறத்தில், முன்னுக்கு அந்த இரண்டு வட்டக் கண்களோடு யானைக் குட்டி மாதிரி இருந்ததால் அந்தப் பெயர். மட்டைகளால் கட்டிய குறுக்குப் பாதைகளுக்குள் எங்கும் முட்டாமல் ஓடி, முதுகில் இருக்கிற மருந்துப் பெட்டியைக் கடைசி அறையில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மட்டை கிட்ட வந்தால் பின்வாங்கித் திரும்புவான். எங்கள் வாசிகசாலை முழுவதும் ஒரு கதிரைக் காலிலும் படாமல் ஓடினான். பிள்ளைகள் துள்ளியதை விட நீ அதிகம் துள்ளினாய்.

போட்டி விஜயதசமிக்கு அடுத்த நாள் என்று வந்ததுதான் வினை. வாணி விழாவுக்கு நிலையத்தில் கும்பம் வைத்து, பிள்ளைகள் புத்தகங்களைச் சாமிக்கு முன்னால் அடுக்கினார்கள். குட்டியனும் படிக்கிற சாமான்தானே என்று அவனையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தார்கள். லப்டொப்பையும் வைத்தார்கள். வைத்தால் விஜயதசமி வரைக்கும் தொடக் கூடாது. கடைசி நாட்களில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நீ திட்டம் போட்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன். "வைச்சாச்செண்டால் வைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டாய்.

சாருஜாவின் அம்மாதான் அன்றைக்குச் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார். புத்தகங்களுக்கு, லப்டொப்புக்கு, சோல்டர் செய்கிற கோலுக்கு என்று வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். குட்டியனுக்கு முன்னால் வந்ததும் நின்றார். அதுவரைக்கும் அவனை "உந்தச் சாமான்" என்றுதான் சொல்லுவார். அன்றைக்கு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பாவம், உவருக்கும் கண் இருக்குதெல்லோ" என்று சொல்லி, நெற்றி எது என்று தெரியாமல், இரண்டு கண்ணிலும் தாராளமாகச் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமமும் வைத்தார். வைத்துவிட்டு அவன் முதுகைத் தடவியும் விட்டார். பிள்ளைகள் கைதட்டினார்கள், நானும்தான்.

விஜயதசமி அன்று ஏடு தொடக்க வந்த குழந்தைகளின் கூட்டம் முடியப் பொழுதாகிவிட்டது. பிள்ளைகள் குட்டியனைக் கையில் தூக்கி வைத்துச் சுவிச்சைப் போட்டார்கள். லைற் எரிந்தது, சில்லுச் சுற்றியது. முன்னுக்குச் சுற்றுகிறதா பின்னுக்குச் சுற்றுகிறதா என்று தூக்கிவைத்திருக்கும்போது யார் பார்த்தது? "எல்லாத்தையும் வடிவாப் பாத்தனீங்களோ?" என்று நீ கேட்டாய். "ஓம் ரீச்சர்." "முகத்தைத் துடைக்கேல்லையோ?" சாருஜா தலையாட்டினாள். "சாமிக்கு வைச்ச பொட்டு ரீச்சர். தானா உதிரட்டும்." நீ ஏதோ சொல்ல வாயெடுத்தாய். பிறகு பையின் சிப்பை இழுத்து மூடினாய்.

போட்டி மண்டபம் ஞாபகமிருக்கிறதா? கயிறு கட்டி ரீச்சர்மாரை ஒரு பக்கமும் பெற்றோரை ஒரு பக்கமும் நிறுத்திவிட்டார்கள். ஓட்டம் தொடங்கினால் பிள்ளைகள் மட்டும்தான் கதைக்கலாம். வெளியில் இருந்து யாராவது சொல்லிக்கொடுத்தால் புள்ளி வெட்டுவார்கள். மூன்று தரம் ஓட விடுவார்கள். சாருஜா குட்டியனைக் கோட்டில் வைத்துச் சுவிச்சைப் போட்டாள். அவன் பின்னுக்குப் போனான். போய்க்கொண்டே இருந்தான். நடுவராக நின்ற தம்பியின் சப்பாத்தில் ஏறி நின்றான். மண்டபம் முழுக்கச் சிரித்தது.

இரண்டாம் தரமும் அதே பின்னோட்டம். பிள்ளைகள் லப்டொப்பைத் திறந்து எழுதினதையெல்லாம் ஒவ்வொரு வரியாகத் தேடினார்கள். சாருஜாவின் கண்ணாடி மங்கிவிட்டது, கழற்றித் துடைத்துத் துடைத்துப் போட்டாள். உன்னைப் பார்த்தேன். கையைப் பின்னுக்குக் கட்டியபடி நின்றாய், விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. "என்னடி நடக்குது?" என்று கேட்டேன். நீ குட்டியனையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

அப்போதுதான் மறுபக்கம் ஒரு கதிரை விழுந்தது. சாருஜாவின் அம்மா எழும்பி நின்று, அந்தக் கூட்டுறவுக் கடைக் குரலில் கத்தினார்:

"சாரு! கண்ணிலை சந்தனமடி! எங்கடை தாங்கிக்குள்ளை சிலந்தி கட்டினதெல்லோ, ஓயாமல் மணி அடிச்சதெல்லோ, அதே மாதிரி! தட்டு பிள்ளை, தட்டு!"

தாங்கிக்குள் தலைகீழாகத் தொங்குகிற அதே சாமான்தான் குட்டியனின் முகத்தில் இருக்கிறது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்திருக்கிறது. வாயையும் காதையும் அடைத்துவிட்டால் குட்டியன் என்ன செய்வான்? மூக்குக்கு முன்னால் மதில் நிற்கிறது என்று நினைத்துப் பின்வாங்கிக்கொண்டே இருந்தான். சாருஜா தலையில் இருந்த கிளிப்பைக் கழற்றி, காய்ந்த சந்தனத்தைத் தோண்டித் தோண்டி ஊதினாள். மஞ்சள் தூள் பறந்தது. மூன்றாம் தரம் சுவிச்சைப் போட்டாள்.

எப்படி ஓடினான்! ஒரு மட்டையிலும் படவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு நொடி நின்று யோசித்து, திரும்பி, ஓடி, கடைசி அறையில் மருந்துப் பெட்டியை வைத்தான். அன்றைக்கு அந்த மண்டபத்தில் அதைவிடச் சுத்தமாக ஓடிய ரோபோ இல்லை என்று இன்றைக்கும் நான் சத்தியம் பண்ணுவேன். நான் கயிற்றுக்கு மேலால் பாய்ந்துவிட்டேன், சேலை கிழிந்ததும் தெரியாது. நீ நின்ற இடத்திலேயே நின்று அழுதாய்.

புள்ளியை வெட்டினார்கள், சட்டம் அப்படி. சாருஜாவின் அம்மா நேரே நடுவரிடம் போனார். "தம்பி, பொட்டு வைச்சதும் நான், கத்தினதும் நான். பிள்ளையிலை ஏன் வெட்டிறியள்? என்னிலை வெட்டுங்கோ!" அந்தத் தம்பி தலையைச் சொறிந்தபடி, "அம்மா, உங்களுக்குப் புள்ளியே இல்லையே" என்றான். எங்களுக்கு ஒரு இடமும் கிடைக்கவில்லை.

வெளியே படியில் வந்து நின்றோம். ஒரு இடம் எடுத்தால்தான் என்று சொன்ன மனுசியே அந்த இடத்தைப் போக்கடித்துவிட்டார். இனி என்ன சொல்லப்போகிறாரோ என்று எனக்குப் பதைப்பு. அவர் ஒரு பொதி கடலை வாங்கி எங்கள் எல்லோருக்கும் பங்கிட்டார். பிறகு தன் பாட்டில், "ரியூசன் மாஸ்ரர் ஞாயிற்றுக்கிழமையும் எடுக்கிறார். அங்கை மாத்திவிடுறன். சனிக்கிழமை இவள் உங்களிட்டை வரட்டும்" என்றார். சாருஜா அவரைக் கட்டிப்பிடித்தாள். "விடடி, வேர்க்குது. அடுத்த வருசப் போட்டி எப்ப எண்டு கேட்டு வைச்சனீங்களோ ரீச்சர்?"

அன்று பின்னேரம் பஸ் நிலையத்தில் நீயும் நானும் மட்டும் நின்றபோது நான் குதித்துக்கொண்டிருந்தேன். நீ மெதுவாகச் சொன்னாய்: "அவ சந்தனம் வைக்கேக்கையே நான் கண்டனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கோபம் தலைக்கேறிவிட்டது. சனம் பார்க்கப் பார்க்க உன்னோடு சண்டை பிடித்தேன். தெரிந்துகொண்டு பிள்ளையை இரண்டு தரம் அழவிட்டாயா? அவளுடைய படிப்பே அதில் தொங்கியது உனக்குத் தெரியாதா?

"தெரியும்" என்றாய். "எடி, நான் என்னெண்டு சொல்லுறது? சாமிக்கு முன்னாலை வைச்ச சந்தனத்தைத் துடையுங்கோ எண்டு ஒரு முஸ்லிம் ரீச்சர் சொன்னா எண்டு ஒரு கதை கிளம்பினால், பிறகு ஆர் பிள்ளையை அனுப்புவினம்? சாருஜா மட்டுமில்லை, ஒருத்தரும் வரமாட்டினம். பிள்ளையளே கண்டுபிடிப்பினம் எண்டு நினைச்சன். விஜயதசமியண்டு கேட்டும் பாத்தன். அதுக்கு மேலை வாய் வரேல்லை."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே! நான் துடைச்சிருப்பன்."

"உன்னட்டைச் சொல்லுறதும் மைக்கிலை சொல்லுறதும் ஒண்டுதானே."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு அது உறைத்தது. இத்தனை வருஷம் என் பக்கத்தில் நின்றவள், என் ஊரில், என் பிள்ளைகளுக்கு நடுவில், ஒரு சொல்லுக்கு முன்னால் இவ்வளவு கணக்குப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. நான் ஒரு நாளும் அப்படிக் கணக்குப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய தேவை எனக்கு வந்ததேயில்லை.

நீ சொன்னது சரிதான், நான் மைக்தான். நீ வருத்தமாகி, நோயில் படுத்த பிறகு ஒரு நாள் சாருஜாவின் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் அன்றைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். கட்டில் விளிம்பில் இருந்து, தோடம்பழம் உரித்துச் சுளை சுளையாக உனக்குத் தந்துகொண்டே கேட்டார்: "ரீச்சர், அண்டைக்குக் கண்டனீங்களாமே. ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நீ என்னை ஒரு முறை முறைத்தாய். பிறகு ஒளிக்காமல் சொன்னாய்: "நீங்கள் கோவிப்பியள் எண்டு பயந்தனான்."

அவர் யோசித்தார். இல்லை என்று சொல்லப்போகிறார், நான் அப்படிப்பட்டவள் இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தானே சொல்லுவார்கள்.

"கோவிச்சிருப்பன்தான்" என்றார். "பொய் என்னத்துக்கு? ரெண்டு நாள் உங்களோடை கதைச்சிருக்க மாட்டன். மூண்டாம் நாள் வந்திருப்பன்."

"மூண்டாம் நாள் போட்டி முடிஞ்சிருக்குமே!" என்றாய் நீ.

மூன்று பேரும் சிரித்த சிரிப்பில் உன் மகள் என்னவோ ஏதோ என்று குசினியில் இருந்து ஓடி வந்தாள். நீ அப்படிச் சிரித்ததை நான் பிறகு பார்க்கவில்லை. எனக்குக் கடைசியாகக் கிடைத்த உன் சிரிப்பு அது.

சாருஜா உயர்தரத்தில் தொழில்நுட்பம் எடுத்து, இப்போது கிளிநொச்சியில் பல்கலைக்கழக வளாகத்தில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். வைத்தியசாலை மெசின்கள் பற்றித்தான் முழுநேரமும் கதை. லீவுக்கு வந்தால் நேரே நிலையத்துக்கு வருகிறாள். அம்மாவோ அந்தக் கூட்டுறவுக் கடைக்குச் சாமான் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம், "பிள்ளையை ரோபோவுக்கு விடேல்லையோ?" என்று கேட்டுக் கேட்டே எங்களுக்குக் கூட்டம் சேர்த்துவிட்டார்.

நான் இப்போது என்ன செய்கிறேன் தெரியுமா? சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை உன் தெருவில் இருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெயர் சஹ்ரா, தரம் ஆறு. கையில் எடுத்தால் எதையும் கழற்றிப் பூட்டாமல் விடமாட்டாள். நீ பார்த்திருந்தால் மடியில் தூக்கி வைத்திருப்பாய். அவள் போட்டு வந்த முக்காட்டின் நீள முனை, குனியக் குனியச் சுற்றுகிற சில்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஒரு தரம் மாட்டி இழுத்தும் விட்டது. நான் கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுத்தேன். அவளுடைய தாய் கூட்டிப்போக வந்தபோது என் வாய் ஒட்டிக்கொண்டது. எனக்கு! சைவ ரீச்சர் வந்து முக்காட்டைப் பற்றிக் கதைக்கிறாள் என்று வந்தால் என்ன ஆகும் என்று நானும் கணக்குப் பார்த்தேன். உனக்கு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு விளங்கியது. விளங்கியதும் சொல்லிவிட்டேன். முனை தொங்கினால் பிள்ளைக்குக் கழுத்து இறுகும், அதுதான் பயம் என்று.

அவருடைய முகம் மாறிவிட்டது. "இத்தனை பிள்ளையளுக்குள்ளை எங்கடை பிள்ளையின்ரை முக்காடுதான் உங்கடை கண்ணிலை பட்டதோ ரீச்சர்?" என்று கேட்டுவிட்டு, சஹ்ராவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பிள்ளை திரும்பித் திரும்பி மேசையைப் பார்த்துக்கொண்டே போனாள். ஒரு கிழமையாக எனக்கு அதுதான் நினைப்பு. சொன்னது பிழையோ, உன் வழிதான் சரியோ என்று வீட்டுக்குள் நடந்து திரிந்தேன்.

இன்று வகுப்பு பாதி முடிந்த பிறகு கேற்றடியில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. தாயும் பிள்ளையும் இறங்கினார்கள். தாய் சிரிக்கவில்லை, இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. ஒரு பையை என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கோவம் இன்னும் போகேல்லை ரீச்சர். அதை வேறையா வைச்சுக் கதைப்பம். நீங்கள் தையல் ரீச்சராமே. கழுத்தும் நெஞ்சும் மறைய வேணும், முனை தொங்கக் கூடாது. தைச்சுத் தாங்கோ."

பைக்குள் நீல நிறத்தில் நல்ல பருத்தித் துணி. நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், சஹ்ராவைக் காணவில்லை. மேசைக்கு ஓடிவிட்டாள். ஒரு கையால் முக்காட்டு முனையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் சில்லைப் பூட்டிக்கொண்டு நின்றாள். அவள் பூட்டிக்கொண்டிருக்கவே நான் பின்னால் நின்று தோளையும் கழுத்தையும் அளந்தேன். துணி இப்போது என் மடியில் கிடக்கிறது. அடுத்த சனிக்கிழமைக்குள் தைத்து முடிக்க வேண்டும். அவளுக்கு இரண்டு கையும் தேவைப்படும்.